செவலையின் குளியல்

ஆவுடையப்பன் ஞானம் தேடி மடத்துக்கு வந்தபோது கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் இரண்டு வேட்டி, ஒரு திருநீற்றுப் பை, ஒரு பாட்டில் பினாயில்.

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் சுகாதார ஆய்வாளர். சாக்கடைகளில் பவுடர் தூவியவர். தண்ணீர்த் தொட்டிகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தவர். அவர் சைக்கிளைக் கண்டாலே டீக்கடைக்காரர்கள் கிளாஸை இரண்டாம் முறை கழுவுவார்கள். அப்படிப்பட்டவர் ஞானத்துக்கு உட்கார்ந்தாலும் உட்காரும் இடத்தைக் கழுவிவிட்டுத்தான் உட்காருவார். வந்த அன்றே யாரும் கேட்காமல் மடத்துக் கூடத்தைத் தேய்த்துக் கழுவினார்.

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்த மடம் சிறியது. ஓட்டுக் கூரை, ஒரு கூடம், சில அறைகள், பின்னால் ஒரு கிணறு. குரு உமையாள் அம்மை. ஆவுடையப்பனைவிட மிகவும் இளையவர். அதனால் அவரை அண்ணாச்சி என்று அழைப்பார். அவரோ அம்மையை அம்மா என்பார். யார் பெரியவர் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

மடத்தில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. குளிக்காமல் யாரும் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. காய்ச்சல்காரர்களும் வெளி வராந்தாவில் இருந்துதான் பதிகம் கேட்க வேண்டும்.

செவலை மடத்து நாய். யாரும் வளர்க்கவில்லை, ஒருநாள் வந்தது, இருந்துவிட்டது. எல்லோரிடமும் சாதம் வாங்கித் தின்னும், யார் பக்கத்திலும் படுக்காது. ஆவுடையப்பன் வந்த பிறகு அவர் பக்கத்தில் படுத்தது. அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனது.

அவர் மனைவி செண்பகம் இறந்த பிறகு அவர் பக்கத்தில் அப்படி வந்து உட்கார்ந்த உயிர் வேறு இல்லை. அவருக்கு அந்த நாய்மேல் உயிர். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, பார்த்தாலே தெரியும்.

விடியற்காலையில் அவர் கூடத்துக்குள் போய் உட்காரும்போது செவலை வாசற்படியில் நின்று பார்க்கும். அது அவருக்குத் தாங்கவில்லை. ஆய்வாளர் மூளை வேலை செய்தது. குளித்தவர்கள் உள்ளே வரலாம் என்றால் குளித்த நாயும் உள்ளே வரலாம் அல்லவா?

அம்மையிடம் கேட்டார்.

"வரலாம், அண்ணாச்சி."

அன்றிலிருந்து தினமும் விடியலில் செவலைக்குக் குளியல். கிணற்றடிக் கல்லில் நிறுத்தி, ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் சிவப்புச் சோப்பைப் போட்டு, நுரை பொங்கத் தேய்ப்பார். துடைத்த பிறகு, வைரவர் வாகனம் ஆயிற்றே என்று முதுகு நிறையத் திருநீறு பூசுவார். பிறகு இரண்டு பேரும் கூடத்தில் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அது படுக்கும் இடத்தைப் பினாயில் ஊற்றித் துடைத்தும் வைப்பார். மடத்திலேயே சுத்தமான சீவன் செவலைதான் என்று காரியஸ்தர் சங்கரலிங்கம் கேலி செய்வார். ஆவுடையப்பனுக்கு அதில் பெருமைதான்.

தை மாதக் காற்று வீசத் தொடங்கியபோது செவலை சொறிய ஆரம்பித்தது.

முதலில் காதுக்குப் பின்னால். பிறகு விலா. பிறகு வால் தொடங்கும் இடத்தைத் திரும்பித் திரும்பிக் கடித்தது. முதுகைத் தடவினால் தவிடு போல வெள்ளையாக உதிர்ந்தது. பதிகம் பாடும்போது நடுவில் டப் டப் என்று பின்னங்கால் தரையில் அடிக்கும் சத்தம் கேட்கும். தாளம் தப்பும்.

ஆவுடையப்பன் ஆட்டோ பிடித்து அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"சொறிப் பூச்சி இல்லை, உண்ணி இல்லை. தோல் வறண்டிருக்கு, அவ்வளவுதான். வீட்டிலேயே பார்த்துக்கலாம். அடிக்கடி குளிப்பாட்டுறீங்களா?"

"சுத்தமா வச்சிருக்கேன், சார்," என்றார் ஆவுடையப்பன்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. தினமும் குளிப்பாட்டுவதை ஒரு குற்றமாக யாராவது நினைக்கக் கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டிலேயே பார்த்துக்கலாம் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பினார். வேப்பிலையை அவித்து அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டினார். மஞ்சளை அரைத்துப் பூசி, அது காய்ந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினார். யாரோ எலுமிச்சை நல்லது என்றார்கள். சொறிந்து புண்ணான இடத்தில் சாறு பட்டதும் செவலை வீல் என்று கத்தியது. அன்று மதியம் அவரால் சாப்பிட முடியவில்லை.

முன்பு காலையில் மட்டும் குளியல். இப்போது மாலையிலும்.

குருபூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்களிலிருந்து குழந்தை குட்டிகளோடு சனம் வரும். சங்கரலிங்கம் நல்ல மனுஷர்தான், ஆனால் ஊர்ப் பொறுப்பு தலைமேல் ஏறிவிட்டால் நல்ல மனுஷர்களும் கொஞ்சம் மாறித்தான் போவார்கள்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. சொறி நாயை வச்சுக்கிட்டு அன்னதானம் போட முடியாது. குருபூஜைக்கு முந்தி சரியாயிட்டுன்னா இருக்கட்டும். இல்லைன்னா செங்கல் சூளையில கேட்டு வச்சிருக்கேன், காவலுக்குக் கொண்டுபோய் விட்டுருவோம்."

"சூளையிலயா? அங்க புழுதியில..."

"நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

ஆவுடையப்பன் நேரே அம்மையிடம் போனார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செவலை பின்னாலேயே வந்து, உட்கார்ந்து, சொறிந்தது.

"அம்மா, இதுக்கு என்ன மருந்து?"

"என்ன பண்ணியிருக்கீங்க இதுவரைக்கும்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை, இரண்டு வேளைக் குளியல், சோப்பு, திருநீறு, பினாயில். சொல்லச் சொல்ல அவருக்கே தாம் ஒரு குறையும் வைக்கவில்லை என்று பட்டது.

அம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளையிலேர்ந்து ஒண்ணு செய்யணும்."

"சொல்லுங்கம்மா."

"செவலையைக் குளிப்பாட்டுத போதெல்லாம் நீங்களும் குளிங்க. அதே சோப்பு, அதே தண்ணி. துடைச்சதும் உடம்பு பூரா அதே திருநீறு. எண்ணெய் தொடப்படாது. அது படுக்க இடத்துலயே படுங்க, விரிப்பு வேண்டாம்."

"எத்தனை நாளைக்கு?"

"மருந்து என்னன்னு உங்களுக்குத் தெரியுத வரைக்கும்."

குரு சொன்னால் மறுபேச்சு இல்லை. மறுநாள் விடியலில் கிணற்றடியில் முதலில் செவலை, பிறகு ஆவுடையப்பன். சாயங்காலம் மறுபடியும். பினாயில் வாசம் அடிக்கும் சிமெண்டுத் தரையில் துண்டுகூட விரிக்காமல் படுத்தார். செவலைக்கு ஒரே சந்தோஷம், அவர் வயிற்றோடு முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

காற்று அதன் வேலையைச் செய்தது. முதலில் அவர் முழங்கால் தோல் வெடித்து, சோப்புப் பட்டால் எரிந்தது. பிறகு முதுகு இழுத்துப் பிடித்தது. திருநீறு உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உறிஞ்சியது. ஒருநாள் பதிகத்துக்கு நடுவில், தம்மை அறியாமல், வேட்டியை விலக்கிக் காலைச் சொறிந்தார். பக்கத்தில் செவலையும் சொறிந்தது. பாடிக்கொண்டிருந்த சங்கரலிங்கத்துக்குச் சிரிப்பு வந்து பாட்டு நின்றுபோனது.

"அண்ணாச்சி, சூளைக்கு ரெண்டு பேரையுமா அனுப்பணும்?"

அன்று ஆவுடையப்பன் அம்மை முன்னால் போய் நின்றார். இடுப்பை ஒரு கை சொறிந்துகொண்டே இருந்தது.

"எங்க அரிக்குது, அண்ணாச்சி?"

"எங்கன்னு சொல்ல முடியலை. எல்லா இடத்துலயும்தான்."

"மருந்து தெரிஞ்சுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சோப்பை நிறுத்தணும்மா."

"பெறவு?"

"குளிப்பாட்டுததையும் நிறுத்தணும். திருநீறு, பினாயிலு எல்லாத்தையும்."

"அதான் மருந்துல முக்கால்வாசி. மீதியை நான் சொல்லுதேன். இப்பச் சொல்லுங்க, எதுக்கு அவ்வளவு கழுவுனீங்க?"

"உள்ளே வரணும்லா. அதுக்குத்தான்."

"அதுக்கு ஒரு வாளி வெறுந்தண்ணி ஊத்துனாப் போதும். இந்தச் சோப்பு எதுக்கு?"

"கிருமி..."

"டாக்டர் இருக்குன்னாரா?"

"இல்லைன்னாரு."

அம்மை காத்திருந்தார். ஆவுடையப்பன் சொறிவதை நிறுத்தினார்.

"ஊரெல்லாம் காய்ச்சலு வந்த வருஷம், அம்மா. தெருத் தெருவா நான்தான் கொசு மருந்து அடிச்சேன். வீடு வீடாப் போய்த் தொட்டியைக் கவுத்தேன். எங்க வீட்டு மாடியில ஒரு பழைய உரல் கெடந்துது. மழைத்தண்ணி நின்னுருக்கு. நான் பாக்கலை. அந்தக் காய்ச்சல்லதான் செண்பகம் போனா."

அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து யாரும் கேட்டதில்லை. செவலைகூட நிமிர்ந்து பார்த்தது.

"இதையாவது விட்டுறக் கூடாதுன்னு நெனச்சேன்."

அம்மை எழுந்து அடுக்களைக்குப் போய், சாதம் வடித்த கஞ்சியை ஒரு சட்டியில் எடுத்துவந்தார். அதில் பாதியளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கலக்கினார்.

"உப்புப் போடாத கஞ்சி. சூடு இருக்கான்னு உங்க மணிக்கட்டுல ஊத்திப் பாத்துக்கிடுங்க. கையால அள்ளி மெதுவா அது மேல விடுங்க. தேய்க்காதீங்க. கொஞ்சம் ஊறட்டும், பெறவு நல்ல தண்ணியில அலசி விடுங்க. எப்பவாவது ஒரு நாள் செஞ்சாப் போதும்."

ஆவுடையப்பன் செய்தார். கஞ்சி முதுகில் பட்டதும் செவலை உடம்பைச் சுருக்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கடைசியில் அப்படியே அவர் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டது.

"நீங்களும் ஊத்திக்கிடுங்க," என்றார் அம்மை. "மீதி இருக்கு."

அடுத்த சில நாட்கள் மடத்தில் எல்லோருக்கும் நல்ல வேடிக்கை. சாக்கடைக் கரையில் சிங்கம் போல நின்ற மனுஷர், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைக் கையில் விட்டு, உள்ளங்கை பளபளக்கும் வரை தேய்த்து, அந்தக் கையால் நாயின் விலாவைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்வத்தில் முதல் நாள் அரைக் கரண்டி ஊற்றிவிட்டார். செவலை அத்தனையையும் நக்கித் தீர்த்துவிட்டு வயிற்றால் போனது.

"தோலுக்குத்தான் எண்ணெய். நாக்குக்கு இல்லை," என்றார் அம்மை.

கற்றாழை மடலை ஒடித்துக் கொண்டுவந்தபோதும் அம்மை நிறுத்தினார். "அந்த மஞ்சப் பால் வடியட்டும். அது வயித்துக்கு ஆகாது. நல்லாக் கழுவிட்டு, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும்லா, அதை மட்டும் எடுங்க. அதையும் காதுக்குப் பின்னாடி, அதுக்கு நாக்கு எட்டாத இடத்துல போடுங்க."

பழைய சாக்கைப் பச்சைத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்து விரித்தார். பினாயில் பாட்டிலைச் சாக்கடைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். மரச்சீப்பால் தினமும் முடியை வாரிவிட்டார். செதில் உதிர்வது குறைந்தது. சொறிவது அவ்வளவாகக் குறையவில்லை.

"என்ன போடுதீங்க சாப்பிட?" என்று ஒருநாள் அம்மை கேட்டார்.

"நாம சாப்பிடுததுதான். தயிர்ச்சாதம், ரசம் சாதம். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல்."

"அதுக்குத் தீட்சை கொடுத்தது யாரு?"

ஆவுடையப்பன் விழித்தார்.

"நீங்க சைவம், அண்ணாச்சி. நான் சைவம். அது எப்ப ஆச்சு?"

மறுநாள் ஆற்றுப் பாதையில் மீன்காரரின் மொபெட் வந்தபோது உமையாள் அம்மையே நடந்துபோய் நிறுத்தினார். மீன்காரருக்குத் தம் கண்ணை நம்ப முடியவில்லை. காவி கட்டிய அம்மையைப் பார்த்ததும் பெட்டியைத் துண்டால் மூடினார்.

"மூடாதீங்க, தம்பி. சாளை இருக்கா?"

மடத்துச் சுவருக்கு வெளியே, ஆற்று மணலில் மூன்று கல்லை வைத்து, உப்புப் புளி எதுவும் சேர்க்காமல் மீன் வெந்தது. அந்த வாடை தம் மூக்கில் ஏறாமல் இருக்க ஆவுடையப்பன் வாயால் மூச்சு விட்டார். தலைமுறை தலைமுறையாகக் கத்தரிக்காயைத் தாண்டாத குடும்பம் அவருடையது. வெந்து ஆறிய மீனை இலையில் வைத்துக்கொண்டு, முள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். முகம் கோணியது. ஆனால் ஒரு முள்கூடத் தப்பவில்லை, ஆய்வாளர் அல்லவா.

செவலை சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை நாளு தயிர்ச்சாதத்தை எப்படித்தான் தின்னுச்சோ, அம்மா."

"நீங்க போட்டீங்கள்லா," என்றார் அம்மை.

மீன் தின்ற நாய், குளிக்காத நாய், எண்ணெய் தடவிய நாய் கூடத்துக்குள் வர முடியாது. அந்த வழக்கத்தை அம்மை மாற்றவும் இல்லை, ஆவுடையப்பன் மாற்றச் சொல்லவும் இல்லை. விடியலில் அவர் உள்ளே போவார். செவலை வாசற்படியில் படுத்துக்கொண்டு உள்ளே பார்க்கும். கண்ணை மூடினால் அவருக்குச் சிவம் தெரியவில்லை. வாசற்படிதான் தெரிந்தது.

"மனசு வெளியவே போகுதும்மா," என்றார்.

"போகட்டும். அரிக்குதா அதுக்கு?"

"இன்னைக்குக் காலையில சொறியவே இல்லை."

"நல்லது."

தை போய் மாசி வந்தது. ஒருநாள் வாரிவிடும்போது, வால் தொடங்கும் இடத்தில், புண் ஆறி வெறும் தோலாகக் கிடந்த இடத்தில், சீப்பில் ஏதோ மெத்தென்று தட்டியது. குனிந்து பார்த்தார். பூனை முடி போல மெல்லிசாக, செம்மண் நிறத்தில் புதுமுடி முளைத்திருந்தது. ஆவுடையப்பன் சங்கரலிங்கத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

சங்கரலிங்கம் நன்றாகக் குனிந்து, தடவிப் பார்த்து, நிமிர்ந்தார்.

"சூளைக்காரன்கிட்ட வேற நாய் பாத்துக்கிடச் சொல்லிருதேன்."

ஆவுடையப்பன் அவர் கையை விடவில்லை. "விடுங்க அண்ணாச்சி, எண்ணெய்க் கை," என்று சங்கரலிங்கமே விடுவித்துக்கொண்டு போனார்.

குருபூஜையன்று ஆவுடையப்பனுக்கு உபதேசம் கொடுப்பதாக அம்மை சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததே. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அம்மா, ஒரு ஆசை."

"சொல்லுங்க."

"நாளைக்கு உள்ளே உக்காரும்போது செவலை பக்கத்துல இருந்தா நல்லாருக்கும். ஒரே ஒரு குளியல். சோப்புப் போட மாட்டேன். வெதுவெதுன்னு தண்ணி. தோலுக்கு ஏதும் செய்யுமா?"

"செய்யாது. இப்பத் தேறியாச்சு. ஒரு குளியல்ல ஒண்ணும் கெட்டுப்போகாது."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

காலையில் மடம் நிறைந்துவிட்டது. வாசலில் மாவிலை, அடுக்களையில் புகை, கூடத்தில் இடமில்லாமல் சனம். ஆவுடையப்பன் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, கிணற்றடிக்கு ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"செவலை, வா."

ஆற்று மணலில் கிடந்த செவலை துள்ளிக்கொண்டு ஓடிவந்தது. பாதி வழியில் வாளியைப் பார்த்தது.

அதன் காது இரண்டும் பின்னால் மடிந்தன. வால் கீழே இறங்கிக் கால்களுக்கு நடுவில் போனது. ஓட்டம் நடையானது. ஆனாலும் நடை நிற்கவில்லை. வந்து, கிணற்றடிக் கல்லில் ஏறி, எப்போதும் நிற்கும் அதே இடத்தில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டது. முதுகில் புதுமுடி முளைத்த இடம் நடுங்கியது.

ஆவுடையப்பன் கையில் சொம்பு இருந்தது. தண்ணீரை மொண்டார். ஊற்றவில்லை.

இத்தனை மாதமும் விடியலில் அது இப்படித்தான் நின்றிருக்கிறது. அவர் நுரையைப் பார்த்திருக்கிறார். அழுக்கைப் பார்த்திருக்கிறார். உண்ணி இருக்கிறதா என்று காதைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அது நின்ற விதத்தை இன்றுதான் பார்க்கிறார்.

கூடத்தில் மணி அடித்தார்கள். பதிகம் தொடங்கியது. சங்கரலிங்கம் பின்வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கோம்," என்று குரல் கொடுத்தார். ஆவுடையப்பன் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மையே வெளியே வந்தார்.

ஆவுடையப்பன் ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். புது வேட்டி நனைந்திருந்தது. வாளியில் தண்ணீர் அப்படியே இருந்தது. செவலை இன்னும் கண்ணை மூடிக்கொண்டு, ஊற்றப்போகும் தண்ணீருக்காக நின்றுகொண்டிருந்தது.

"நேரமாச்சு, அண்ணாச்சி."

"நான் இதைக் கட்டிப்போட்டுக் குளிப்பாட்டலைம்மா."

"தெரியும்."

"கயிறு இல்லை, சங்கிலி இல்லை. பின்வாசலு தெறந்துதான் கெடந்துது. ஆத்துப் பக்கம் ஓடியிருந்தா நான் பிடிச்சிருக்க முடியாது. புண்ணு மேல சோப்பு போட்டேன். எலுமிச்சங்காயைப் பிழிஞ்சேன். எனக்கே அப்படி எரிஞ்சுதே, அதுக்கு எப்படி எரிஞ்சிருக்கும்? ஒரு நாளும் பல்லைக் காட்டலை. காலையில கூப்பிட்டா வந்து நின்னுது, சாயங்காலம் கூப்பிட்டா வந்து நின்னுது. இப்பவும் வந்து நிக்குது, பாருங்க. ஏன் அம்மா ஓடலை?"

அம்மை செவலையைப் பார்த்தார். பிறகு, மொண்ட தண்ணீரோடு அவர் பிடித்திருந்த சொம்பைப் பார்த்தார்.

"கையில என்ன இருக்குன்னு அது பாக்கலை, அண்ணாச்சி. யாரு கைன்னுதான் பாத்துது."

ஆவுடையப்பன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அதன் தலைமேல் வைத்தார்.